இரண்டாக விலகிய சிவப்புக் கோடு

கண்ணாடிக்காரர் தன் காரில் எந்த நட்டை முடுக்கினாலும் கடைசியில் அதன்மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். பாதிக் கோடு நட்டின் தலைமேல், மறுபாதி அது உட்கார்ந்திருக்கும் இரும்பின்மேல். நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நகப்பூச்சு மனைவிக்கென்று அவர் ஒருமுறை ஆசையாக வாங்கி வந்தது. "என்னங்க இது, விரலை நசுக்கிக்கிட்ட மாதிரி இருக்கு" என்று அவள் ஒதுக்கிவைத்த குப்பி கருவிப் பெட்டிக்குப் போனது. அது தீர்ந்தபோது அதே நிறத்தைத் தேடி இன்னொன்று வாங்கினார். பானெட்டைத் தூக்கினால், அம்மை போட்ட உடம்பு மாதிரி உள்ளே எங்கும் சிவப்பு.

தளர்ந்த நட்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கோடு என்று அவர் சொல்லுவார். அது பாதி உண்மை. அதே கோட்டுக்கு அவர் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். தன்னைத் தவிர வேறு கை அங்கே பட்டிருக்கிறதா என்று அது சொல்ல வேண்டும்.

கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது. பெரிய கைதேர்ந்தவர் என்று சொல்ல முடியாது; கவனமானவர். இரண்டும் ஒன்றல்ல. அவரிடம் கண்ணாடி போட்டுக்கொண்ட ஒருவர் வேறு கடை ஃபிரேமோடு எதிரே வந்துவிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. "என்ன, புதுசா?" என்று கேட்டு, கழற்றி வாங்கி, காதுக்கம்பியின் திருகை நகத்தால் அசைத்துப் பார்த்து, "ம்... ஆடுது" என்று திருப்பிக் கொடுப்பார். ஆடாது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை சகலையின் தோளில் தூங்கிப்போனாள். "கனமா இருப்பா, குடுங்க" என்று தூங்குகிற பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிள்ளை விழித்து வீறிட்டது. அழுதாலும் தன் தோளில் அழட்டும் என்று இருந்தார். அந்த மகள் இப்போது வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள். அவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதில் மிச்சம் கார்தான்.

பொறாமை என்றால் பிறர் பொருளைக் கண்டு வெந்துபோவது என்று பொதுவாக நினைக்கிறோம். இவருடையது அந்த வகை இல்லை. தெருவில் எவ்வளவு புதிய கார் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். தன்னுடையது இன்னொருவர் கையில் சுகமாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் அவரைத் தின்றது. முதல் வகை, ஆசைப்பட்டது கிடைத்தால் அடங்கும். இரண்டாவது, கையில் இருக்கும்போதுதான் வாட்டும்.

காரை வாங்கிய புதிதில் ஒரே ஒருமுறை மெக்கானிக் கடையில் விட்டார். வேலையை நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் யாரோ ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளியிருந்தார்கள், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பியிருந்தார்கள். கதவின் உட்புறத்தில் கிரீஸில் ஒரு முழுக் கை பதிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அன்றோடு சரி. படித்தும் கழற்றியும், சிலவற்றைக் கெடுத்தும் தானே கற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் பானெட் திறக்கும். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மதில். பட்டப்பகலிலும் என்ஜினுக்குள் இருட்டு. மனைவி நின்றுகொண்டு டார்ச் பிடிக்க வேண்டும்.

"இந்தப் பக்கம் காட்டு."

"காட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ஆட்டாதே."

"நான் ஆட்டல. உங்க தலைதான் குறுக்க வருது."

இப்படியே மதியம் ஆகும். வேலை நடக்கும்போது அவர் வாய் ஓயாது. இதை ஏன் கழற்றுகிறோம், அது ஏன் சூடாகிறது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று குனிந்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார். அவளுக்காகச் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. சத்தமாகச் சொன்னால்தான் அவருக்கு யோசனை ஓடும்.

வார நாட்களில் காரை ஓட்டுகிறவள் அவள்தான். கண்ணாடிக் கடை நடக்கிற தூரம்; அவள் வேலை பார்க்கும் தையல் தொழிற்கூடம் ஊருக்கு வெளியே. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அங்கே அவள் பொறுப்பு. ஓட்டுவது ஒருவர், உடையவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டில் கண்ணாடிக்காரருக்கு எந்தக் கோணலும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கார் கத்த ஆரம்பித்தது. கிளப்பியதும் 'கீ...' என்று நீளமாக ஒரு கீச்சொலி, தெருமுனை வரை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஜன்னலை அடித்துச் சாத்துவார். தொழிற்கூடத்து வாட்ச்மேன் எட்டிப் பார்க்காமலே கேட்டைத் திறந்துவிடுவார். அது ஃபேன் பெல்ட்டின் சத்தம் என்பதில் கண்ணாடிக்காரருக்குச் சந்தேகமே இல்லை. பெல்ட் வழுக்கினால் அப்படித்தான் கத்தும். இறுக்கினார். கொஞ்சம் அடங்கிவிட்டு மறுபடி கத்தியது. புதுப் பெல்ட் மாட்டினார், கத்தியது. இன்னும் இறுக்கினார். ஒவ்வொரு முறையும் போல்ட்டின்மேல் புதிதாக ஒரு கோடு.

சகலைக்கு பஸ் டிப்போவில் பணிமனை மேற்பார்வையாளர் வேலை. மனைவியின் தங்கை கணவர். அடுத்த தெருவில் வீடு. எல்லாருக்கும் அவர் டிப்போக்காரர். ஒரு மதியம் அவரும் தங்கையும் சாப்பிட வந்திருந்தார்கள்.

"என்ன சகலை, உங்க வண்டி கத்தறது எங்க வீட்டுக்குக் கேக்குது. பிரசவ வேதனையா?" என்றார் டிப்போக்காரர்.

"பெல்ட்டு புதுசு. படியணும்."

"இன்னுமா படியுது? புதுச் செருப்பே இதுக்குள்ள படிஞ்சிருக்குமே."

"படியும்."

"சாவியக் குடுங்க. சாப்பிட்ட கையக் கழுவறதுக்குள்ள பாத்துத் தந்துடறேன்."

"வேணாம்."

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "என்ன மாமா நீங்க? அத்தனை பஸ்ஸைப் பாக்கறவரு இந்த டப்பாவைப் பாக்க மாட்டாரா?"

"அத்தனை பஸ்ஸையும் பாக்கட்டும். எனக்கு இருக்கறது ஒண்ணு. அத நான் பாத்துக்கறேன்."

"அக்கா, நீயாவது சொல்லேன். தினம் நீதானே அதுல போற?"

மனைவி எல்லார் தம்ளரிலும் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டு, "அவர் பாத்துக்குவார்" என்றாள். அந்தத் தாமதத்தைக் கண்ணாடிக்காரர் கவனித்தார். அவருடைய கவனம் இந்த மாதிரி இடங்களில் தவறுவதே இல்லை.

"ஊருக்கே கண்ணைத் திறந்துவிடறவர் சகலை. உங்க கண்ணுல எது படாம இருக்கோ!" என்று டிப்போக்காரர் சிரித்தார்.

பிறகு, புதிதாக வாங்கப்போகும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் பழகி வர, கடையிலிருந்து அவரை வெளியூருக்கு அனுப்பினார்கள். திரும்பிய மறுநாள் காலையில் மனைவி காரைக் கிளப்பும்போது வழக்கம்போல் கேட்டருகே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சத்தம் வரவில்லை. கார் புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நழுவித் தெருவில் இறங்கிப் போனது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது.

"சொன்னேன்ல சார், பெல்ட்டு படியணும்னு?" என்று போஸ்ட்மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை ஒரு கிளாம்ப் கவ்விப் பிடித்திருக்கும். அந்தக் கிளாம்ப்பின் திருகில் அவர் இழுத்த கோடு இரண்டாக விலகியிருந்தது. தளர்ந்து விலகியதல்ல, யாரோ முடுக்கியிருக்கிறார்கள். குழாயின் அடியைத் தடவினார். விரல் உலர்ந்தே வந்தது. அதற்கு நேர் கீழே பெல்ட் ஓடுகிறது.

ஒரே கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. குழாயின் இணைப்பில் கசிந்த நீர் சொட்டுச் சொட்டாகப் பெல்ட்டில் விழுந்திருக்கிறது. ஈரப் பெல்ட் வழுக்கிக் கத்தியிருக்கிறது. அழுகிறவனை அடிப்பது போல அவர் பெல்ட்டைத் தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறார். பெல்ட் போல்ட்டைப் பார்த்தார். அதிலும் கோடு விலகியிருந்தது. அவர் அளவுக்கு மீறி இறுக்கியதை யாரோ பதமாகத் தளர்த்தியிருந்தார்கள்.

காரை யாராவது கெடுத்திருந்தால் அவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். நன்றாக ஆக்கியிருந்தார்கள்.

டார்ச்சோடு நின்ற மனைவி, "என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"சத்தம் நின்னுடுச்சே, பாத்தீங்களா?"

"ம்."

"எப்படி நின்னுச்சாம்?"

"பெல்ட்டு படிஞ்சிடுச்சு."

டார்ச் ஒளி கிளாம்ப்பின்மேல் சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு நகர்ந்தது.

அன்றிலிருந்து அவர் மனம் அந்தச் சந்தைவிட்டு வெளியே வரவில்லை. தான் ஊரில் இல்லாதபோது இவள் டிப்போக்காரரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்து இதே இடத்தில் குனிந்திருக்கிறார். இவள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருக்கிறாள். அவருக்கு ஆட்டாமல் பிடித்திருப்பாள். இந்தக் கடைசி எண்ணம் எழும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மனைவியின் ஒழுக்கத்தின் மீது அவருக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. அவர் கலங்கியது அவளுடைய நம்பிக்கை கைமாறிவிட்டதே என்றுதான். வேறு விதமான துரோகமாக இருந்தால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். என் கிளாம்ப்பை இன்னொருவன் முடுக்கிவிட்டான் என்று எந்த ஊரைக் கூட்டுவது?

காருக்குள் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தார். டிப்போக்காரர் தலைக்குப் போடும் எண்ணெய்க்குத் தனி வாசனை உண்டு. அது வரவில்லை. வரவில்லை என்பதே சந்தேகத்தைக் கூட்டியது. வேண்டுமென்றே கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றாட விட்டிருப்பார்கள். பொறாமைக்கு ஆதாரமும் ஒன்றுதான், ஆதாரம் இல்லாததும் ஒன்றுதான். இரண்டையும் அது ஒரே வாயால் தின்னும்.

சகலையின் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து தருவதாகச் சாக்குச் சொல்லி அவர் வீட்டுக்குப் போனார்.

"வண்டி சத்தம் நின்னுடுச்சு போல?" என்றார் டிப்போக்காரர்.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? காது இருக்கே. காலையில கொஞ்சம் நிம்மதியாத் தூங்கறேன்."

"பெல்ட்டு படிஞ்சிடுச்சு."

"ஓகோ! எந்தப் புண்ணியவான் கை வெச்சாரோ, நல்லா இருக்கட்டும்" என்று கடகடவென்று சிரித்தார்.

எரிகிற தீயில் எண்ணெய் விட்ட மாதிரி ஆயிற்று. கண்ணாடிக்காரர் டிப்போக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் கறுப்பு. அது எப்போதும் இருப்பதுதான். ஆனால் இன்று அது தன் வீட்டுக் கறுப்பு மாதிரி தெரிந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு அவர் கண்ட வழி, இத்தனை ஆண்டில் அவர் காருக்கு வேண்டுமென்றே செய்த ஒரே தீங்கு. ஒரு சாயங்காலம், மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது, பானெட்டைத் தூக்கி பேட்டரி டெர்மினலைத் தளர்த்தி, கம்பியை லேசாகத் தூக்கிவிட்டார். தன் கோடு தன் கண்ணெதிரே இரண்டாக விலகுவதைப் பார்த்தார். அடுத்தவர் வீட்டு வாசல் விளக்கை அணைப்பதுபோல் மெதுவாக பானெட்டை மூடினார்.

காலையில் தலைவலி என்று படுத்துக்கொண்டார். மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"சூடு இல்லையே."

"உள்ளுக்குள்ள இருக்கு."

"அது தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

படுக்கையறை மாடியில். ஜன்னலுக்கு நேர் கீழே சந்து. திரையை விரலால் விலக்கிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டவர் மாதிரி நின்றார். அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கார் பேசவில்லை. மறுபடி திருப்பினாள். கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

'கூப்பிடு' என்றது அவர் மனம். கூப்பிடக் கூடாதே என்றும் அதே மனம்தான் சொன்னது.

அவள் போனில் மணி பார்த்துவிட்டு அதைப் பக்கத்து இருக்கையில் போட்டாள். மறுபடி கைப்பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்தாள். இறங்கினாள். பானெட்டைத் தூக்கி முட்டுக்கம்பியை மாட்டினாள். அந்த மாட்டலில் தடுமாற்றமே இல்லை. கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு சின்ன ஸ்பேனர். அவருடையது அல்ல, அவளே வாங்கிக்கொண்டது.

அவள் என்ஜினைத் தொடவில்லை. முதலில் பார்த்தாள். சட்டையைப் புரட்டிப் பார்க்கிறவள் பார்ப்பதுபோல, ஓரத்திலிருந்து ஆரம்பித்துக் கோடு கோடாக. காரையும் அப்படிப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பேட்டரிக்கு வந்ததும் அவள் கண் நின்றது. விலகியிருந்த கோட்டை ஒரு விரலால் தொட்டாள். பிறகு நிமிர்ந்து, நேராக மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

அவர் திரையை விட்டுவிட்டார். அது ஆடியது.

கீழே ஸ்பேனர் திரும்பும் சத்தம், பானெட் விழும் சத்தம். கார் முதல் திருப்பலிலேயே கிளம்பிப் போனது.

சாயங்காலம் அவள் வந்து, பையை மாட்டி, முகம் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தலைவலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"டெர்மினல் லூசா இருந்துச்சு. அதுவா லூசாகாது."

"கிளாம்ப்பும் நீதானா?" என்றார் அவர்.

"நான்தான்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க குனிஞ்சு பெல்ட்டையே பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் நின்னுக்கிட்டு டார்ச் பிடிச்சேன். மேல இருந்து சொட்டு விழறது எனக்குத் தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. மேல ஈரமா இருக்குங்கன்னு டார்ச்ச அங்க காட்டினேன். 'ஆட்டாதே'ன்னீங்க."

அவருக்கு அது நினைவிருந்தது. நினைவில்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தக் கோடு? குப்பி பெட்டியிலதானே இருக்கு. அழிச்சிட்டுப் புதுசா போட்டிருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

"தெரியணும்னுதான் விட்டேன். பாத்துட்டு என்னைக் கேப்பீங்கன்னு இருந்தேன். கேட்டீங்களா? நானே வாயவிட்டு எப்படி நின்னுச்சுன்னு கேட்டதுக்கும், பெல்ட்டு படிஞ்சிடுச்சுன்னீங்க."

"நான் சகலைன்னு நெனச்சேன்."

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவரா? அவங்க வீட்டுச் சமையலறைக் குழாய் எத்தனை நாளா ஒழுகுது தெரியுமா? என் தங்கச்சி கந்தல்துணி கட்டி வெச்சிருக்கா!"

அவரும் சிரித்தார். சகலையின் மீதிருந்த வெம்மை அந்தச் சிரிப்போடு இறங்கிவிட்டது. ஆனால் பொறாமை தீரவில்லை; வீடு மாறியது, அவ்வளவுதான். சகலையாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். இவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். தான் வாய் ஓயாமல் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு, தான் காணாததைக் கண்டிருக்கிறாள். கார் அவள் கைக்கும் அடங்குகிறது. ஒருவேளை அவள் கைக்கு இன்னும் சீக்கிரமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு புது ரப்பர் குழாயோடு சந்துக்கு வந்தாள்.

"பழைய குழாய் கட்டையாட்டம் இறுகிப்போச்சுங்க. கிளாம்ப்ப முடுக்கினது சும்மா அப்போதைக்குத்தான். மாத்திடணும்."

"வை, மாத்தறேன்."

"நான் மாத்தறேன். நீங்க டார்ச்."

அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. சுவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அதை அவளிடம் நீட்ட அவருக்கு நேரம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. கை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் கொடுத்தார்.

அவள் குனிந்தாள். வாயைத் திறக்காமல் வேலை செய்தாள். பழைய கிளாம்ப் கழன்றது, குழாய் கழன்றது, கொஞ்சம் நீர் கீழே வைத்திருந்த வாளியில் விழுந்தது. புதுக் குழாயை முறுக்கி ஏற்றினாள். நன்றாகத்தான் செய்தாள். நன்றாகச் செய்கிறாள் என்று தெரியத் தெரிய, அவர் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. வெளிச்சம் கிளாம்ப்பைவிட்டு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. தவறி அல்ல. அவள் தேடட்டும் என்றுதான்.

"இந்தப் பக்கம் காட்டுங்க."

"காட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று அவருக்கு உறைத்தது.

"ஏய்... நீ என்னைக்காவது வேணும்னே தள்ளிப் பிடிச்சிருக்கியா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நிறைய தடவ."

அவர் வெளிச்சத்தைக் கிளாம்ப்பின்மேல் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் திருகைக் கடைசிச் சுற்று முடுக்கி, குழாயை ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகி, பார்க்காமலே பின்னால் கையை நீட்டினாள்.

"அந்தக் குப்பிய எடுங்க."

நகப்பூச்சு அவர் சட்டைப் பையில் இருந்தது. காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கோடு நான் போடுவேன்" என்றார்.